பிடித்த பாட்டெல்லாம் ஒரே ராகமா? காதால் கண்டுபிடிப்பது எப்படி?

கேள்விஞானம்:
ஸ்வரங்கள் பெயரளவில் தெரியும், பாட்டு கற்றுக்கொண்டதில்லை. திரும்பத் திரும்பக் கேட்கும் சினிமாப் பாட்டுகளைப் பட்டியல் போட்டால் இருபதில் பன்னிரண்டு மோகனம் மாதிரிக் கேட்கிறது. தேடிப் பார்த்தால் அதிலேயே நாலு மத்யமாவதி, இரண்டு ஹிந்தோளம், ஒன்று சுத்த சாவேரி என்கிறார்கள். பியானோ செயலியில் வாசித்தாலும் அதே ஐந்து கட்டைதான் வருகிறது. காது கோளாறா, வழி கோளாறா?

நாலரைக்கட்டை:
காது சரியாகத்தான் இருக்கிறது, ஸட்ஜம்தான் (ஸ) தப்பு. நீங்கள் சொன்ன ராகங்கள் எல்லாமே ஒரே ஐந்து ஸ்வரக் கூட்டம். எதை ஸ என்று பிடிக்கிறோமோ அதை வைத்து ராகம் மாறும். கிரக பேதம் என்பது இதுதான்.

பியானோவில் கருப்புக் கட்டைகளை மட்டும் பாருங்கள். மூன்று சேர்ந்த கூட்டத்தில் முதல் கருப்பு நாலரைக் கட்டை (ஸ்ருதியை எண்ணும் கணக்கு: C ஒன்று, அதற்கு மேல் கருப்பு ஒன்றரை, D இரண்டு என்று போகும்). அதை ஸ ஆக வைத்துக் கருப்பிலேயே மேலே போனால் மோகனம். அடுத்த கருப்பு, ஐந்தரை, ஸ என்றால் மத்யமாவதி. ஆறரை என்றால் ஹிந்தோளம். பக்கத்து இரட்டைக் கருப்பில் முதலாவது, ஒன்றரை, சுத்த சாவேரி. இரண்டரை சுத்த தன்யாசி. விரல் தொடும் கட்டை ஒன்றுகூட மாறவில்லை, பாருங்கள்.

ஆகவே முதல் வேலை ஸ பிடிப்பது. தம்புரா செயலியைப் போட்டு, பாட்டு ஓடும்போதே ஒன்றிலிருந்து அரை அரைக் கட்டையாக ஏற்றுங்கள் (மூன்றரையும் ஏழரையும் கிடையாது, தேடாதீர்கள்). பல்லவி முடிந்து குரல் வந்து உட்காரும் இடத்தில் தம்புரா அதோடு கரைந்துவிடும். பாட்டின் முதல் ஸ்வரத்தை மட்டும் ஸ என்று எடுக்காதீர்கள், பாதித் தப்பு அங்கேதான் நடக்கிறது. மோகன வர்ணம் ‘நின்னுக்கோரி’ தொடங்குவதே காந்தாரத்தில் (க). அந்த காந்தாரத்தை ஸ என்று நினைத்தால் கையில் கிடைப்பது ஹிந்தோளம்.

வில்லும்தந்தியும்:
மேலே சொன்னதில் ஒரு திருத்தம். ஹிந்தோளத்தில் பஞ்சமம் இல்லை. தம்புரா செயலி ப-ஸ வில் (ஸ வோடு பஞ்சமமும் ஒலிக்கும் அமைப்பு) இருந்தால், சரியான ஸ வில் வைத்தாலும் உறுத்தும். ம-ஸ வுக்கு (ப வுக்குப் பதில் மத்யமம்) மாற்றிக் கேட்டுவிட்டு முடிவு கட்டுங்கள்.

சினிமாப் பாட்டில் பெரிய பொறி பேஸ் கிதார். குரல் மோகனத்தில் போகும்போதே அடியில் பேஸ் தைவதத்தில் (த) போய் நிற்கும். காது அதை ஸ என்று எடுத்துக்கொண்டு சுத்த தன்யாசி என்று சொல்லிவிடும். ஈக்வலைசரில் பேஸைக் குறைத்துக் குரலை மட்டும் பின்தொடருங்கள். இடையிசையை வைத்து ராகம் சொல்லவே வேண்டாம், ஸ்ருதியே அங்கே இடம் மாறலாம்.

இறக்கத்தையும் கேளுங்கள். பிலஹரி ஏறும்போது அச்சு அசலாக மோகனம்; இறங்கும்போது நியும் மவும் வந்துவிடும்.

கேள்விஞானம்:
அற்புதம் சார். ஸ வை மாற்றியதும் மத்யமாவதி பிடிபட்டுவிட்டது. இதே வழியில் தோடி, சஹானா எல்லாம் பிடிக்கலாமா?

நாலரைக்கட்டை:
முடியாது. தோடியின் காந்தாரம் கட்டையில் நிற்கிற ஸ்வரம் இல்லை, அசைந்துகொண்டே இருக்கும். பியானோவில் தட்டினால் தோடி ஹிந்துஸ்தானி பைரவி மாதிரி ஒலிக்கும். கமகத்தால், அதாவது இந்த அசைவால், நிற்கும் ராகங்களுக்குப் பழைய வழிதான்: ராகத்துக்கு ஒரு உருப்படியை (கீர்த்தனை மாதிரி ஒரு பாடலை) நெட்டுருப் போட்டு ஒப்பிடுவது. ஐந்து ஸ்வர ராகங்களுக்கும் இதைச் செய்து வைத்தால் வேகம் வரும். ஹிந்தோளத்துக்கு ‘சாமஜ வர கமனா’, சுத்த சாவேரிக்கு ‘தாரிணி தெலுசுகொண்டி’, சுத்த தன்யாசிக்கு ‘ஹிமகிரி தனயே’.

வில்லும்தந்தியும்:
ருசி பற்றியும் ஒன்று. உங்கள் காதுக்குப் பிடித்தது மோகனம் என்பதைவிட, பக்கத்துப் பக்கத்து ஸ்வரங்கள் உரசாத கூட்டம் என்று தோன்றுகிறது. அந்த ஐந்தில் எந்த இரண்டுக்கும் நடுவே அரைக் கட்டை இடைவெளி கிடையாது. சோதிக்க ‘வாதாபி கணபதிம்’ போடுங்கள். அதன் ராகம் ஹம்சத்வனி, மோகனத்தின் தைவதத்தை எடுத்துவிட்டு நிஷாதம் (நி) வைத்தது. நியிலிருந்து மேல் ஸ அரைக் கட்டை தூரம்தான். அந்த நி இனித்தால் அடுத்து கல்யாணிக்குப் போகலாம். குத்தினால் இன்னும் கொஞ்ச நாள் கருப்புக் கட்டையிலேயே இருங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.