ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்குத் தனி ஆயில் கூலர்: ரேடியேட்டருக்கு முன்பா, பின்பா?

படகுக்காரன்:
வணக்கம். என் எஸ்யூவியில் இருப்பது டார்க் கன்வெர்ட்டர் (என்ஜின் விசையை ஆயில் வழியாகக் கடத்துவது) வகை ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். டிரெய்லரில் சின்னப் படகை இழுத்துப் போவேன். சமதளத்தில் ஒரு தொல்லையும் இல்லை. மலை ஏறினால்தான் ஓபிடி ஸ்கேனரில் (வண்டியின் கணினியோடு இணைத்துப் பார்க்கும் கருவி) கியர் ஆயில் சூடு 118 டிகிரி செல்சியஸ் வரை போகிறது. கூலன்ட் 95-ஐத் தாண்டுவதில்லை.

பிளேட் அடுக்கு வகைக் கூலர் ஒன்று வாங்கிவிட்டேன். ஹோஸ், கிளாம்ப், பிளாஸ்டிக் டை எல்லாம் பெட்டிக்குள்ளேயே இருந்தன. ரேடியேட்டருக்குள் இருக்கும் பழைய கூலரை அடியோடு கழற்றிவிடச் சொல்கிறார்கள் சிலர். இரண்டும் இருக்கட்டும் என்கிறார்கள் வேறு சிலர். எது சரி? இரண்டு குழாய்களில் ஆயில் திரும்பி வருவது எது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கிரீஸ்கை:
இரண்டும் இருக்கட்டும். கியர்பாக்ஸிலிருந்து ரேடியேட்டர், அங்கிருந்து புதுக் கூலர், பிறகு மறுபடி கியர்பாக்ஸ். இந்த வரிசைதான். மாற்றிப் போட்டால், புதுக் கூலர் 75-க்கு இறக்கிய ஆயிலை 90 டிகிரிக் கூலன்ட் திரும்பச் சூடேற்றி அனுப்பும். வாங்கிய பொருள் பாதி வீண்.

திரும்பும் குழாயை சர்வீஸ் மேனுவல் பார்த்து உறுதி செய்யுங்கள். மேனுவல் கையில் இல்லையென்றால், வண்டி நன்றாகச் சூடான பிறகு இரண்டு குழாய்களின் சூட்டையும் அளந்து பாருங்கள். குறைவாக இருப்பது திரும்புவது. லேசர் தெர்மாமீட்டரைப் பளபளக்கும் உலோகத்தில் காட்டினால் பொய் சொல்லும், கறுப்பு டேப் ஒட்டி அதன் மேல் காட்டுங்கள்.

அந்தப் பிளாஸ்டிக் டையைத் தயவுசெய்து குப்பையில் போடுங்கள். ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் ஏசி கண்டென்சரின் துடுப்புகளுக்குள் நுழைத்துக் கட்டச் சொல்லித்தான் அதைக் கொடுக்கிறார்கள். வண்டி அதிர அதிரக் கூலர் உரசி, ஒருநாள் கண்டென்சரில் ஓட்டை விழும், கேஸ் போகும். மெல்லிய இரும்புப் பட்டையை வளைத்து ரேடியேட்டர் சட்டத்தில் போல்ட் போட்டு நிறுத்துங்கள். கண்டென்சருக்கும் கூலருக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி வேண்டும். குழாய் முனைகள் மேலேயோ பக்கவாட்டிலோ இருக்கட்டும். கீழே பார்த்திருந்தால் உள்ளே காற்று தங்கிவிடும்.

நான் பார்த்த வேலைகளில் கூலரே கெட்டுப்போனது அபூர்வம். கழன்றது எல்லாம் ஹோஸ்தான். பெட்ரோல் ஹோஸ் போடாதீர்கள். எஸ்ஏஇ ஜே1532 என்று அச்சிட்டதுதான் கியர் ஆயில் கூலருக்கான ஹோஸ். இரும்புக் குழாயை அறுத்த இடத்தில் ஃபிளேரிங் கருவியால் ஒரு வளையம் எழுப்பிவிட்டு, ஹோஸை அதைத் தாண்டி ஏற்றி, கிளாம்பை வளையத்துக்குப் பின்னால் இறுக்குங்கள். வழவழப்பான குழாயில் எத்தனை கிளாம்ப் போட்டாலும் சூட்டில் நழுவும். நடுவழியில் ஆயில் முழுவதும் கொட்டினால் கியர்பாக்ஸ் கதை அவ்வளவுதான்.

பனிமூட்டம்:
ஒரு திருத்தம். கடுங்குளிரில் ஓட்டுபவர்களுக்கு ரேடியேட்டர்க் கூலர்தான் ஆயிலைச் சீக்கிரம் சூடாக்கித் தருகிறது. ஆயில் குளிர்ந்தே கிடந்தால் பல கியர்பாக்ஸ்கள் லாக்கப் (டார்க் கன்வெர்ட்டர் வழுக்காமல் நேரடியாகப் பூட்டிக்கொள்வது) போடாது, மைலேஜும் அடிவாங்கும். அந்த மாதிரி இடங்களில் ஆயில் சூடாகும் வரை புதுக் கூலருக்குப் போகாமல் திருப்பிவிடும், தெர்மோஸ்டாட் வைத்த பைபாஸ் ஒன்றையும் சேர்த்துப் போடுவது நல்லது.

பழைய கூலரைக் கழற்றச் சொல்பவர்களிடமும் நியாயம் இருக்கிறது. ரேடியேட்டருக்குள் அது விரிசல் விட்டால் கூலன்ட் ஆயிலில் கலந்து ஸ்ட்ராபெரி மில்க்‌ஷேக் போல ஆகிவிடும். கிளட்ச் தகடுகளின் உராய்வுப் பட்டையை ஒட்டியிருக்கும் பசையையே அது கரைத்துவிடும். ரேடியேட்டர் பழசாகியிருந்தால் முதலில் அதை மாற்றுவதுதான் என் யோசனை.

படகுக்காரன்:
நன்றி அண்ணா, இருவருக்கும். இங்கே அந்த அளவு குளிர் கிடையாது, ரேடியேட்டரும் புதுசு. இன்னொன்று: டிப்ஸ்டிக் இல்லை. ஆயில் அளவை எப்படிச் சரிபார்ப்பது?

கிரீஸ்கை:
கூலரும் ஹோஸும் குடிக்கும் அளவை முதலிலேயே கூடுதலாக ஊற்றுங்கள். கொஞ்ச தூரம் ஓட்டி, ஆயில் கூலர் முழுக்கச் சுற்றி வரட்டும். அப்புறம் ஆறவிட்டு, சமதளத்தில் என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது லெவல் பிளக்கைத் திறங்கள். மெல்லிய இழையாக வழிந்து சொட்டாக நின்றால் சரி. எந்தச் சூட்டில் திறக்க வேண்டும் என்பது மேனுவலில் இருக்கும். பல வண்டிகளில் 40 டிகிரியை ஒட்டி வரும். கொதிக்கக் கொதிக்கத் திறந்தால் ஆயில் விரிந்திருக்கும், தேவைக்கு மேல் வெளியேறிவிடும். பிறகு அளவு குறைந்தே ஓடும்.

கேட்காததையும் சொல்கிறேன். ஏற்றத்தில் ‘டி’யிலேயே விட்டு ஆக்சிலரேட்டரை அழுத்துகிறீர்களா? லாக்கப் விழாதபோது டார்க் கன்வெர்ட்டர் வழுக்குகிறதே, அந்தச் சூடுதான் ஆயிலில் இறங்குகிறது. ஒரு கியர் குறைத்து அங்கேயே பிடித்து வையுங்கள், லாக்கப் நிற்க வாய்ப்பு அதிகம். ஆர்பிஎம் ஏறும், பயப்பட வேண்டாம். மெதுவாக ஊர்ந்து ஏறும்போது ஏசியையும் போட்டுப் பாருங்கள். பல வண்டிகளில் ரேடியேட்டர் ஃபேன் கூலன்ட் சூட்டையும் ஏசியையும் பார்த்துத்தான் ஓடும், கியர் ஆயில் கொதிப்பதைக் கண்டுகொள்ளாது. காற்று இல்லாமல் முன்னால் எவ்வளவு பெரிய கூலர் தொங்கினாலும் பயனில்லை.

புதுஓட்டுநர்:
என் வண்டியில் டிராஃபிக்கில் கியர்பாக்ஸ் சூடு எச்சரிக்கை வருகிறது. டிரை கிளட்ச் டிசிடி (ஆயிலில் நனையாத இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்). நானும் இந்தக் கூலரைப் போடலாமா?

கிரீஸ்கை:
வேண்டாம் தம்பி. உங்களுடையதில் சூடாவது கிளட்ச் தகடு, அதை ஆயில் தொடுவதே இல்லை. முன் வண்டியை ஒட்டி ஊராமல் இடம் விட்டு நின்று, பிறகு ஒரேயடியாக நகருங்கள். ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை வைத்து வண்டியை நிறுத்திப் பிடிக்காதீர்கள், பிரேக்கைப் பயன்படுத்துங்கள். அப்படியும் எச்சரிக்கை வந்தால் கிளட்ச் அடாப்டேஷனை (கிளட்ச் எங்கே பிடிக்கிறது என்று கணினி கற்று வைத்திருப்பது) சர்வீஸில் சரிபார்க்கச் சொல்லுங்கள்.