மரத் தரைக்கு அடியில் கிடந்த இடிபாடு: அகற்றியவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

வால்தம்ஸ்டோ மகன்

லண்டனில் 1890களில் கட்டிய வரிசை வீடு, முன் அறை. பலகையைக் கழற்றினால் மண்ணே தெரியவில்லை. செங்கல், சுண்ணாம்புக் காரை, கரி படிந்த கற்கள் எல்லாம், பலகையைத் தாங்கும் கட்டைகளான ஜாயிஸ்ட்களின் அடியைத் தொட்டுக்கொண்டு கிடந்தன. முன்பு இருந்தவர் புகைபோக்கிச் சுவரை இடித்து, ஸ்கிப் (கட்டடக் கழிவுத் தொட்டி) வாடகையை மிச்சம் பிடிக்க எல்லாவற்றையும் கீழே கொட்டி மூடியிருக்கிறார். தரைக்கு அடியில் காற்று போகச் சுவரில் வைத்த துளைச் செங்கல்கள், ஏர் பிரிக் இரண்டும் குவியலுக்குள் புதைந்துவிட்டன. பதினொரு நாட்கள், 118 பைகள். இடுப்பு வலி போய்விட்டது.

மூன்றாவது ஜாயிஸ்ட்தான் மனதை விட்டுப் போகவில்லை. ஸ்க்ரூடிரைவரை வைத்து லேசாக அழுத்தினேன். அவித்த மரவள்ளிக்கிழங்கில் இறங்குவது போலப் பிடிவரை இறங்கியது. அதற்கு நேர் மேலே அம்மாவின் சுவாமிப் படங்கள். விளக்கேற்றப் போகும்போதெல்லாம், "இந்த இடத்தில் கால் புதைகிறது தம்பி" என்று இரண்டு வருடங்களாகச் சொன்னார். கம்பளம் தடிப்பானது என்று ஒவ்வொரு முறையும் பதில் சொல்லி அனுப்பினேன். அம்மாவுக்கு வயது 74. ஒரு தடவையாவது கம்பளத்தைத் தூக்கிப் பார்த்திருக்கலாம்.

டூட்டிங் கௌரி

கை நடுங்க எழுதுகிறேன். நாங்கள் குடும்பமாக வரிசையில் நின்று வாளி கைமாற்றினோம். ஒன்பது வயது மகன் சாம்பல் நிறத்தில் நெளிநெளியான ஒரு துண்டை எடுத்து, முழங்காலில் வைத்து உடைத்து, "பிஸ்கட் மாதிரி உடைகிறது அம்மா" என்று என்னிடம் நீட்டினான். நானும் வாங்கி முகர்ந்து பார்த்தேன். பழைய கார் கொட்டகையின் கூரை அது. ஆய்வுக்கூடத்தில் கொடுத்தோம், ஆஸ்பெஸ்டாஸ் என்று முடிவு வந்தது. பிரிட்டனில் 1999 வரை அதை முழுமையாகத் தடை செய்யவில்லை. ஒரு தடவை பட்டதற்கு ஆபத்து மிகக் குறைவு என்று மருத்துவர் சொன்னார். அவன் இருமினால் இன்றும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன்.

லெஸ்டர் பொறியாளர்

என் அனுபவம் சிறியது. ஆசையில் கூடுதலாகத் தோண்டி, ஜாயிஸ்ட்களைத் தாங்கும் குட்டைச் சுவரின் அடிக்கல் வெளியே தெரிய நின்றேன். விரல் வைத்தால் ஆடியது. அன்றிரவு தூங்கவில்லை.

வால்தம்ஸ்டோ தம்பி, பதினொரு நாட்கள் உழைத்தீர்கள், சரி. ஆனால் ஈரமானியால் அளந்தீர்களா? எந்த வகை அழுகல் என்று பார்த்தீர்களா? மரம் கட்டம் கட்டமாக வெடித்து, துரு நிறத்தில் தூள் படிந்து, சாம்பல் நிற இழைகள் செங்கல் சுவருக்குள் ஓடியிருந்தால் அது உலர் அழுகல். காளான் வகை, ஒரு கட்டையை மாற்றினால் தீராது. மெத்தென்று கறுத்து, நனைந்த இடத்தோடு நின்றுவிட்டால் ஈர அழுகல். எதுவானாலும் மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அது வளராது. காற்று ஓட வேண்டும்: முன் சுவரில் நுழைந்து பின் சுவரில் வெளியேற வேண்டும். குட்டைச் சுவர்களைத் தேன்கூடு போல இடைவெளி விட்டுக் கட்டியது அதற்காகத்தான். அந்த ஓட்டைகளிலும் காரை அடைத்திருக்கும், கையை விட்டு எடுங்கள். மரத்தின் அடிக்கும் தரைக்கும் இடையில் 150 மில்லிமீட்டராவது இருக்கட்டும். அதற்காக மூல மண்ணைத் தோண்டாதீர்கள். அந்தக் காலத்து அஸ்திவாரம் ஆழமற்றது. கொட்டிய இடிபாட்டோடு நிறுத்துங்கள். யாராவது கான்கிரீட் போட்டு நிரப்பச் சொன்னால் கேட்காதீர்கள், தரையில் இருக்கும் ஈரம் சுவரில் ஏறும். புதிய கட்டையின் முனை சுவருக்குள் போகும் இடத்தில் ஈரத்தடுப்புத் தாள் சுற்றுங்கள். கழிவை அகற்றவும் வழி சொல்கிறேன்: இங்கிலாந்தில் 2023 இறுதியிலிருந்து, வீட்டுக்காரர் தாமே செய்த வேலையின் கழிவுக்குக் கவுன்சில் கழிவு மையத்தில் கட்டணம் இல்லை. ஒரு தடவைக்கு 50 லிட்டர் பை இரண்டு, நான்கு வாரங்களில் நான்கு தடவை.

குரொய்டன் குமார்

அண்ணா, நான்கு வாரத்துக்கு எட்டுப் பை என்றால் 118 பைக்கு ஓராண்டுக்கு மேல் ஆகும். அவருக்கு அது உதவாது. 150 மில்லிமீட்டர் புதிதாகப் போடும் தரைக்கான விதி. என் வீட்டில் கட்டிய நாளிலேயே அவ்வளவு இருந்ததில்லை.

நான் எழுத வந்தது குழாய் பற்றி. இடிபாட்டுக்குள் அலவாங்கை இறக்கினேன். டங்கென்ற ஓசை வராமல் மெத்தென்று ஒரு சத்தம். ஈயக் குழாய். கறுத்த நீர் செங்கல் கட்டிகளுக்கு நடுவே சத்தமில்லாமல் ஏறி வந்தது. நடைபாதையில் உள்ள அடைப்பு வால்வின் மூடி துருப்பிடித்துத் திறக்கவில்லை. பக்கத்து வீட்டு மனிதர் இரவு உடையோடு ஓடிவந்து திறந்தார். அதுவரை அவரிடம் ஒரு வணக்கம்கூடச் சொன்னதில்லை. இடிபாட்டில் கை வைக்கும் முன் அந்த வால்வைத் திருகிப் பாருங்கள்.

ஈஸ்ட் ஹாம் வாணி

கௌரி அக்கா ஆலோசனை கேட்கவில்லை, மனதில் கிடப்பதைச் சொன்னார். அவருக்கு யாரும் ஒரு வார்த்தை எழுதவில்லையே. அக்கா, பிள்ளை நன்றாக இருப்பான்.

எங்கள் வீட்டில் கிடந்தது அறையின் உட்கூரையில் பூசிய காரை. குதிரை மயிர் கலந்த சுண்ணாம்பு, ஒடிந்த மெல்லிய மரச்சட்டங்கள். பைகளை வாசலில் அடுக்கியபோது எதிர்வீட்டு மூதாட்டி வந்தார். அதே தெருவில் பிறந்தவர். பைக்குள்ளிருந்து வெளிர்பச்சை வண்ணம் பூசிய ஒரு துண்டை எடுத்துக் கட்டைவிரலால் துடைத்தார். போர்க்காலத்தில் அடுத்த தெருவில் குண்டு விழுந்த இரவில் எங்கள் முன் அறையின் உட்கூரை விழுந்ததாம். அந்த வீட்டுச் சிறுமியும் அவரும் அந்தப் பச்சைக் கூரைக்குக் கீழே விளையாடியவர்களாம். பிறகு அந்தக் குடும்பம் திரும்பி வரவில்லை. பழுது பார்த்தவர்கள் எல்லாவற்றையும் பலகைக்குக் கீழே தள்ளிவிட்டார்கள். "இதை நான் வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்டார். மற்றவை ஸ்கிப்பில் போய்விட்டன. இன்னும் இரண்டு துண்டுகளாவது எடுத்து வைத்திருக்கலாம் என்று அவர் ஜன்னலைப் பார்க்கும்போதெல்லாம் தோன்றுகிறது.

வால்தம்ஸ்டோ மகன்

லெஸ்டர் அண்ணா, ஈர அழுகல்தான். நான்கு கட்டைகளை மாற்றினேன், முனைகளில் தாள் சுற்றினேன். குமார், வால்வு திறக்கிறது, நேற்றே பார்த்தேன்.

ஏர் பிரிக்கின் கடைசித் துளையைக் கம்பியால் குத்தியபோது முகத்தில் குளிர்காற்று அடித்தது. அம்மாவை அழைத்துக் கையை வைத்துப் பார்க்கச் சொன்னேன். வைத்துப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை விளக்கை மட்டும் சமையலறையிலேயே ஏற்றினார்.

நடைக்கூடத்தின் அடிப்பகுதியை இன்னும் திறக்கவில்லை. எரிவாயுக் குழாய் அதன் வழியாகப் போகிறது. அந்தப் பக்கம் வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.