எட்டுப் பேர், 2,000 ரூபாய்: என்ன பாட்டு கொடுக்கலாம், என்ன புத்தகம் கொடுக்கலாம்?

திருநகர் தங்கச்சி:

எல்லாருக்கும் வணக்கம். கீழமாசி வீதியில் பலசரக்கு மொத்தக் கடை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை சபைக் கொயரில் ஆல்டோ, அதாவது பெண்களில் தாழ்ந்த குரல், பாடுவேன். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எனக்கு நெருக்கமான எட்டுப் பேருக்கு ஏதாவது வாங்கித் தருவேன். கேக், துணி, காலண்டர் எல்லாம் கொடுத்தாச்சு. இந்த வருஷம் பாட்டும் புத்தகமும் தர ஆசை. கையில் 2,000 ரூபாய் இருக்கிறது, ஆளுக்கு 250.

சினிமாப் பாட்டு வேண்டாம். எல்லா வீட்டிலும் ஏற்கெனவே ஓடுகிற கிறிஸ்தவப் பாட்டும் வேண்டாம். பின்னால் பெரிய கம்பெனி இல்லாமல், சொந்தக் காசைப் போட்டுத் தாங்களே பாடி வெளியிடுகிறவர்களின் இண்டி ஆல்பம் வேண்டும். புத்தகம் பிரசங்கத் தொகுப்பாக இருக்கக் கூடாது. படித்து முடித்தவர் 'நீயும் படி' என்று இன்னொருவர் கையில் திணிக்க வேண்டும், அப்படி ஒன்று.

போன வருஷம் நானூறு பாட்டை ஒரே ஃபோல்டரில் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். எட்டுப் பேரும் கைகூப்புகிற படம் போட்டார்கள். ஈஸ்டர் வரைக்கும் காத்திருந்தேன். ஒருத்தர்கூட ஒரு பாட்டைப் பற்றியும் பேசவில்லை. மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

யார் யார் என்றால்: கிட்டார் வாசிக்கிற தம்பி ஒருவன். ராத்திரி டூட்டி பார்க்கிற நர்ஸ் அக்கா. ஜூலையில் அம்மாவைப் பறிகொடுத்த தோழி, இங்கிலீஷ் நன்றாகப் படிப்பாள். எதிர்வீட்டுத் தோழி, வெள்ளிக்கிழமை தவறாமல் மீனாட்சி கோயிலுக்குப் போவாள், கேரல் ரவுண்ட்ஸ் அன்றைக்கு எங்களோடு வேனில் ஏறிவிடுவாள். வாடிப்பட்டிப் பக்கம் தோட்டம் பார்க்கிற சித்தப்பா. அப்புறம் சபையில் கல்லூரி படிக்கிற பிள்ளைகள் மூன்று பேர்.

பழைய கேசட் கடை:

தங்கச்சி, 1988-லிருந்து 2003 வரைக்கும் டவுன்ஹால் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில் கேசட் பதிகிற கடை வைத்திருந்தேன். யாருக்கு எந்தப் பாட்டு என்கிற இந்த யோசனைதான் எனக்குப் பதினைந்து வருஷம் சோறு போட்டது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஆட்கள் துண்டுச் சீட்டில் பாட்டு எழுதிக்கொண்டு வருவார்கள். அறுபது நிமிஷ கேசட்டில் ஒரு பக்கத்துக்கு முப்பது நிமிஷம். கேட்ட பாட்டையெல்லாம் போட்ட பிறகு 'பி' பக்கத்துக் கடைசியில் மூன்று, நாலு நிமிஷம் மிஞ்சும். வெறும் டேப்பாக விட்டுவிடலாம், யாரும் கேட்கப் போவதில்லை. நான் விடமாட்டேன். சீட்டை இன்னொரு தடவை படித்துப் பார்த்து, இந்த ஆளுக்கு இது பிடிக்கும் என்று தோன்றுகிற ஒரு பாட்டை, அவர் எழுதித் தராத பாட்டை, அதில் பதிந்துவிடுவேன். அட்டையில் பெயர் எழுதமாட்டேன். பத்து நாள் கழித்து வந்து நிற்பார்கள். "அண்ணே, அந்தக் கடைசிப் பாட்டு யாரு பாடுனது?" அப்போதுதான் ஒரிஜினல் கேசட்டை எடுத்து முன்னால் வைப்பேன். இதைக் கேளுங்கள், அதைக் கேளுங்கள் என்று நான் வாயால் சொல்லி விற்றதைவிட, அப்படி அவர்களாகத் தேடிவந்து வாங்கியதுதான் அதிகம்.

நானூறு பாட்டை ஒன்றாகக் கொட்டினால் அதில் அந்தக் கடைசிப் பாட்டு எது? ஆளுக்கு ஒரே ஒரு பாட்டு அனுப்பு. நவம்பர் முடிவதற்குள் அனுப்பிவிடு. ஒரு வார்த்தையும் கூட எழுதாதே. யார் திரும்பி உன்னிடம் கேட்கிறார்களோ அவர்களுக்கு ஆல்பம் வாங்கு. மற்றவர்களுக்குப் புத்தகம்.

'சொந்தக் காசைப் போட்டு' என்று நீ எழுதியதைப் படித்ததும் ஒரு முகம் நினைவுக்கு வந்துவிட்டது. உசிலம்பட்டிப் பக்கத்தில் ஒரு கிராமத்து உபதேசியார். தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, வீட்டு நகையை அடகு வைத்து ஐநூறு கேசட் போட்டிருந்தார். இருபதை என் கடையில் வைத்துவிட்டு, விற்றதும் காசு கொடுங்கள் என்று சொல்லிப் போனார். பாட்டு அவ்வளவு நன்றாக இருந்தது. முப்பது ரூபாய் கொடுக்கத் தயங்கினவர்களுக்கு, எப்படியாவது இவர்கள் இதைக் கேட்டால் சரி என்று, அதிலிருந்து நாலைந்து பாட்டை அவர்கள் கேசட்டிலேயே பதிந்து கொடுத்தேன். மூன்று மாதம் கழித்து அவர் வந்தபோது டபுள் டெக்கில் ஒரு பக்கம் அவர் கேசட் சுற்றிக்கொண்டிருந்தது, மறுபக்கம் பதிகிற சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. விற்ற நாலு கேசட்டுக்குக் காசு வாங்கிக்கொண்டார். மிச்சம் பதினாறையும் எண்ணி மஞ்சள் பையில் போட்டார். அடைக்கலம் தேடி வந்த ஆளை வாசலிலேயே திருப்பி அனுப்பின மாதிரி இருந்தது எனக்கு. அதற்குப் பிறகு அவரிடமிருந்து அடுத்த கேசட் வரவே இல்லை. சின்னப் பாடகர்களின் பாட்டைப் பதிந்து கொடுப்பதை அன்றைக்கு நிறுத்தினேன். நீயும் ஆல்பத்தை வாங்கியே கொடு, ஃபைலை நகல் எடுத்துக் கொடுக்காதே.

சித்தப்பாவுக்குப் பரட்டை அண்ணன் பாட்டு. நம்ம அரசரடியில் இருக்கிற தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பாடம் நடத்தின தியாபிலஸ் அப்பாவு ஐயாதான் பரட்டை. 2005-இல் காலமானார். கர்நாடக மெட்டுக் கீர்த்தனையும் இங்கிலீஷ் மெட்டுப் பாமாலையும்தான் ஆராதனைக்கு ஏற்றவை என்று இருந்த இடத்தில், நாட்டுப்புற மெட்டையும் பறையையும் உள்ளே கொண்டுவந்தவர். எல்லாரும் ஒரே உலையில் பொங்கிச் சேர்ந்து சாப்பிட வேண்டும் என்பதை 'ஒரு உலை' என்று சொல்லி அதையே தன் இறையியலாக ஆக்கினார். பாட்டை ஜனங்கள் தங்கள் வாய்க்கு ஏற்றபடி மாற்றிப் பாடலாம், பாடவும் வேண்டும் என்பது அவர் கொள்கை. தோட்டத்தில் வேலை பார்க்கிற மனுஷருக்கு இந்தப் பாட்டு புரியவேண்டியதில்லை, ஏற்கெனவே தெரிந்த பாட்டு மாதிரிதான் இருக்கும்.

என்னிடம் பரட்டை கேசட் ஒன்று இருந்தது. மேலே ஏதும் பதிந்துவிடக் கூடாதென்று கேசட்டின் மேல் விளிம்பில் இருக்கிற இரண்டு சின்னப் பல்லையும் உடைத்து வைத்திருந்தேன். கடன் வாங்கிப் போனவர் அந்த ஓட்டை மேல் செல்லோடேப் ஒட்டி, வீட்டுக் காதுகுத்து விருந்துப் பேச்சைப் பதிந்து கொண்டுவந்து கொடுத்தார். இருபது வருஷத்துக்கு மேல் ஆகியும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

மற்றபடி புத்தகம் என்றால் கிருஷ்ண பிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்' காவியம். அதற்கு மேல் என்ன இருக்கிறது?

கே.கே.நகர் கிட்டார்:

அக்கா, அண்ணன் சொன்னதை இப்போது எப்படிச் செய்வது என்று மட்டும் சொல்கிறேன். நானும் வீட்டில் பாட்டுப் பதிந்து வெளியிடுகிறவன்தான்.

பாடுகிறவர்கள் தங்கள் பாட்டைத் தாங்களே விற்கிற பேண்ட்கேம்ப் தளத்தில் தேடுங்கள். ஆல்பம் பெரும்பாலும் ஐந்திலிருந்து பத்து டாலர் இருக்கும். உங்கள் 250 ரூபாய் மூன்று டாலரைத் தொட்டால் பெரிது. ஆனால் 'உங்களால் முடிந்த விலை' என்று சிலர் வைத்திருப்பார்கள். அதில் சும்மாவும் எடுக்கலாம், நூறு ரூபாய்க்குச் சமமான டாலர் போட்டும் எடுக்கலாம். போட்டு எடுங்கள் அக்கா. டிஜிட்டல் ஆல்பம் விற்றால் தளம் 15 சதவீதம் எடுத்துக்கொள்ளும், பணம் அனுப்புகிற கட்டணம் கொஞ்சம் போகும், மற்றது பாடினவருக்குத்தான். 2020 மார்ச்சில் கொரோனா நேரத்தில் ஆரம்பித்த 'பேண்ட்கேம்ப் ஃப்ரைடே' என்று சில வெள்ளிக்கிழமைகள் உண்டு. அன்றைக்குத் தளம் தன் பங்கை விட்டுக்கொடுத்துவிடும். ஆல்பம் முழுசாக வாங்க முடியாவிட்டால் ஒரு பாட்டை மட்டும் வாங்கலாம், பெரும்பாலும் ஒரு டாலர்தான். உங்கள் வங்கி ஆப்பில் கார்டுக்கு வெளிநாட்டுப் பரிமாற்றத்தைத் திறந்துவிட்டு, வாங்கி முடித்ததும் மூடிவிடுங்கள்.

கிட்டார் தம்பிக்கு அமெரிக்கப் பாடகர் சுஃப்யான் ஸ்டீவன்ஸின் 'செவன் ஸ்வான்ஸ்' ஆல்பம், 2004-இல் வந்தது. பேஞ்சோவும் மெல்லிய குரலும்தான். ஆபிரகாம் பற்றி ஒரு பாட்டு இருக்கிறது, கடைசிப் பாட்டு இயேசு மறுரூபமான மலையைப் பற்றியது. பிரசங்கம் பண்ணாமல் வேதத்தைப் பாடலாம் என்று எனக்குக் காட்டினது இந்த ஆல்பம். முதல் தடவை கேட்டு முடித்ததும் என் கிட்டாரில் சத்தத்தைக் கரகரப்பாக்குகிற டிஸ்டார்ஷன் பெடலைக் கழற்றி வைத்துவிட்டேன்.

ஜாஷ் கேரல்ஸ் (Josh Garrels) என்கிற பாடகரையும் கேளுங்கள். 2011-இல் தன் ஆல்பம் ஒன்றை ஒரு வருஷம் முழுக்க யார் வேண்டுமானாலும் சும்மா இறக்கிக்கொள்ளலாம் என்று கொடுத்தவர். அவராகவே கொடுத்தார். அண்ணன் சொன்ன உபதேசியாரிடம் யாரும் கேட்கவில்லை, வித்தியாசம் அங்கேதான்.

கல்லூரிப் பிள்ளைகள் மூன்று பேருக்கும் சேர்த்து 750 ரூபாய் வைத்திருக்கிறீர்கள். பழைய பாமாலைகளைப் புதிதாக வாசிக்கிற அமெரிக்க இசைக்குழு ஒன்று இருக்கிறது, பெயர் 'பேஜ் சி.எக்ஸ்.வி.ஐ.' ரோமன் எண்ணில் 116. சி.எஸ்.லூயிஸின் 'தி மெஜிஷியன்ஸ் நெஃப்யூ' கதையில் சிங்கம் பாடிப் பாடியே ஒரு உலகத்தைப் படைக்கிற பக்கம் அது. அந்தப் புத்தகம் ஒன்று வாங்கி மூன்று பேருக்கும் பொதுவாகக் கொடுத்து, 116-ஆம் பக்கத்தில் பாட்டின் பெயரை எழுதிச் செருகி வையுங்கள். வேறு பதிப்பில் பக்க எண் மாறும், அதனால் சிங்கம் பாடுகிற இடத்தைப் பார்த்துச் செருகுங்கள்.

சின்னாளப்பட்டி டீச்சர்:

கேசட் கடை அண்ணன் மேல் மரியாதை உண்டு. ஆனாலும் 'இரட்சணிய யாத்திரிக'த்தை யாருக்கும் பரிசாகத் தராதே அம்மா. பதினோராம் வகுப்புக்குத் தமிழ் நடத்துகிறேன், எனக்கே அகராதி வேண்டியிருக்கிறது. கிருஷ்ண பிள்ளை பெரிய கவி, சந்தேகமே இல்லை. ஆனால் பரிசு கொடுத்தவருக்குப் பயந்து அலமாரியில் நிற்கிற புத்தகமாக அது ஆகிவிடும். 'தேம்பாவணி'யும் அப்படித்தான், 3,615 பாட்டு. ஆசை இருந்தால், பழைய தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றுகிற மதுரைத் திட்டத்தின் தளத்தில் இலவசமாக இருக்கிறது. சூசையப்பரைப் பற்றிப் பத்துப் பாட்டை மட்டும் பொறுக்கி, அர்த்தத்தோடு அச்செடுத்துக் கொடு.

எதிர்வீட்டுப் பெண்ணுக்கு மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்'. தமிழில் வந்த முதல் நாவல், 1879. எழுதியவர் கத்தோலிக்கர், முன்சீப்பாக இருந்தவர். ஞானாம்பாள் மாதிரி ஒரு பெண் அந்தக் காலத்துக் கதையில் இருக்கிறாளே என்று ஆச்சரியப்பட்டுப் போவாள். அதே வேதநாயகர்தான் 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை'களும் எழுதினார். கேரல் வேனில் ஏறுகிற பெண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. பதிப்புரிமை முடிந்த புத்தகம், அதனால் பல பதிப்பகங்கள் போட்டிருக்கின்றன. மலிவுப் பதிப்பு கிடைக்கும். தமுக்கம் புத்தகத் திருவிழாவில் பத்து சதவீதம் தள்ளுபடியில் வாங்கியிருக்கலாம், சரி, அடுத்த வருஷம்.

நர்ஸ் அக்காவுக்குப் பிரதர் லாரன்ஸ். பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸ் மடம் ஒன்றில் அடுப்படி வேலை பார்த்தவர். பாத்திரம் கழுவுகிற நேரத்திலும் கடவுளோடு பேசலாம் என்று சொன்ன சின்னச் சின்னக் கடிதங்கள். ஒரு கடிதம் படிக்கப் பத்து நிமிஷம் போதும், மூன்று மணி டீ இடைவேளைக்குள் முடிந்துவிடும்.

அம்மாவை இழந்த பெண்ணுக்கு அவசரப்படாதே. என் வீட்டுக்காரர் போனபோது ஆறுதல் புத்தகம் ஒன்பது வந்தது. எல்லாவற்றிலும் கடைசிப் பக்கத்தில் விடிந்துவிட்டது. எனக்கு விடியவில்லை. சங்கீதம் 88-ஐத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன், அது இருட்டிலேயே முடிகிறது, அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்களே என்பதுதான் ஆறுதல். இங்கிலீஷ் படிப்பாள் என்றால் லூயிஸின் 'எ க்ரீஃப் அப்சர்வ்ட்' கொடு. மனைவி இறந்த பிறகு நோட்டில் எழுதியது, 1961-இல் வேறு பெயரில்தான் வெளியிட்டார். ஒல்லிப் புத்தகம். உள்ளே ஒன்றும் எழுதிக் கொடுக்காதே. நேரில் போய்க் கொடுத்துவிட்டு, ஒரு காபி குடித்துவிட்டு வா.

திருநகர் தங்கச்சி:

அண்ணே, டீச்சரம்மா, தம்பி, மூன்று பேருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

டீச்சரம்மா சொன்ன மாதிரியே அம்மாவை இழந்த தோழி வீட்டில் காபி குடித்துவிட்டு வந்தேன். அவள் புத்தகத்தைப் பிரிக்கவில்லை, தலையணைப் பக்கத்தில் வைத்தாள். ஞானாம்பாள் எதிர்வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறாள். ராத்திரி பதினொரு மணிக்கு ஜன்னல் வழியாகக் கூப்பிட்டு அடுத்து என்ன ஆகும் என்று சொல்லாதே என்கிறாள், நான் இன்னும் படிக்கவே இல்லை.

எட்டுப் பேருக்கும் ஒரு பாட்டு அனுப்பினேன், ஒரு வார்த்தையும் எழுதவில்லை. ஐந்து பேர் பதில் போடவில்லை. திரும்பிக் கேட்டது மூன்று பேர்: கிட்டார் தம்பி, கல்லூரிப் பிள்ளைகளில் ஒருத்தி, அப்புறம் சித்தப்பா. சித்தப்பா காலை ஐந்தரைக்கு போன் பண்ணினார், மோட்டார் ஓடுகிற சத்தத்துக்கு நடுவில், "பாப்பா, இந்தப் பாட்டுல மிச்சம் எங்க இருக்கு?" என்று கேட்டார்.

கையில் இன்னும் 610 ரூபாய் இருக்கிறது. அண்ணே, அந்த உபதேசியார் கேசட் ஒன்றாவது உங்களிடம் உண்டா?

பழைய கேசட் கடை:

ஒன்று இருக்கிறது தங்கச்சி. விற்ற நாலில் ஒன்றை வாங்கினது நான்தான். டெக்குக்கு பெல்ட் மாற்றியிருக்கிறேன், நன்றாக ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு வா. பதிந்து தரமாட்டேன். இங்கேயே உட்கார்ந்து கேட்போம்.