அரை டேங்கிக்குக் கீழ போனா பஜிரோ நிக்குது: பம்ப் கழற்றத்தான் வேணுமா?

செங்கலடிப் பஜிரோ:
வண்டி 1989 பஜிரோ, 4டி56 டேர்போ டீசல், மெனுவல் கியர். காலையில ஒரே செல்ப்பில பத்துது. பதுளை ரோட்டில கரடியனாறு தாண்டி 20, 25 நிமிசம் ஓடினதும் இழுவை குறையுது. ரேஸ் மிதிச்சாலும் ஏறாது. பிறகு இருமி இருமி நிக்குது. டீசல் பில்டருக்கு மேல இருக்கிற கைப்பம்பை 25, 30 தரம் அமத்தினா திரும்ப ஸ்டார்ட் ஆகும். பத்து கிலோமீற்றருக்குள்ள அதே கதை. புகை கறுப்பும் இல்ல, வெள்ளையும் இல்ல. பில்டர் ரெண்டு தரம் மாத்தியாச்சு. டேங்கி நிறைய அடிச்ச கிழமை இந்தக் கரைச்சல் வரல்ல. அது தற்செயலோ தெரியாது. காட்டின இடத்தில டீசல் பம்பைக் கழற்றி ஓவர்ஹோல் எண்டு சொல்லுறாங்க. அதுக்கு முதல் நாமளே பாக்கக்கூடியது என்ன?

கல்லடி டீசல்:
தம்பி, பம்பில இப்போதைக்கு ஸ்பானர் போட வேணாம். கைப்பம்ப் அடிச்சதும் பத்துது எண்டா பம்புக்கு டீசல் வந்து சேரல்ல எண்டுதான் அர்த்தம். வந்து சேர்ற டீசலை பம்ப் ஒழுங்கா அடிக்குது.

இந்த வண்டியில டேங்கிக்குள்ள பம்ப் கிடையாது. முன்னால இருக்கிற வீ.ஈ. வகை இன்ஜெக்‌ஷன் பம்பே, தன் உள்ளுக்க இருக்கிற வேன் பம்பால (தகடு சுத்தி உறிஞ்சுற சின்னப் பம்ப்) டேங்கியில இருந்து பில்டர் வழியா டீசலை உறிஞ்சுது. ஆகவே டேங்கியில இருந்து பம்ப் வரைக்கும் முழு லைனும் உறிஞ்சுற பக்கம். இங்க ஒரு ஓட்டை இருந்தா டீசல் வெளிய சொட்டாது, காத்து உள்ள போகும். "எங்கயும் லீக் இல்ல, எல்லாம் காய்ஞ்சு கிடக்கு" எண்டு எல்லாரும் ஏமாறுறது இதிலதான்.

அடுத்த தரம் நிண்டதும் பொனட்டைத் திறந்து முதல்ல கைப்பம்பைத் தொட்டுப் பாருங்க. உள்ளுக்கு இழுபட்டுத் தட்டையா ஒட்டி நிண்டா பின்னால அடைப்பு: டேங்கிச் சல்லடை, நசிஞ்ச பைப், இல்லாட்டி காத்துத் துவாரம் அடைபட்ட டேங்கி மூடி. மூடியைக் கழற்றக்குள்ள "உஸ்" எண்டு காத்து உள்ள இழுத்தா அது மூடிதான், வேற எங்கயும் தேட வேணாம். கைப்பம்ப் பஞ்சு மாதிரி மெத்தெண்டு இருந்து, நிறைய அடிச்ச பிறகுதான் இறுகினா லைனில காத்து. தொட்டதுமே கல்லு மாதிரி இறுகி இருந்தா டீசல் இருக்கு, குறை பம்பிலயோ கரண்டிலயோ.

நீங்க சொல்லுறது ரெண்டாவது மாதிரி. அதுக்கு உள்விட்டம் 8 மி.மீ. உள்ள கண்ணாடி ஹோஸ் (உள்ள ஓடுறது வெளிய தெரியுற பிளாஸ்டிக் ஹோஸ்) ஒரு அடி வாங்கி, பில்டருக்கும் பம்புக்கும் இடையில கிளிப் போட்டு மாட்டுங்க. ஸ்டார்ட் பண்ணி முதல் அரை நிமிசம் வாற காத்து முட்டையை (குமிழியை) விடுங்க, அது கழற்றினதால வாறது. பிறகும் முட்டை ஓடிக்கொண்டே இருந்தா அதே ஹோஸை பில்டருக்கு முன்னால, டேங்கிப் பக்கத்துக்கு மாத்துங்க. அங்க முட்டை இல்லாட்டி குறை பில்டர் தலையில: கைப்பம்பின் ரப்பர் வெடிச்சிருக்கும், தண்ணி சென்சரின் ஓ-ரிங் போயிருக்கும், அல்லது பழைய பில்டரின் கேஸ்கட் தலையில ஒட்டிக்கிடக்க அதுக்கு மேல புதுசைப் பூட்டியிருப்பாங்க. ரெண்டு தரம் மாத்தினதெண்டு சொன்னதால இதைக் கட்டாயம் பாருங்க. அங்கயும் முட்டை வந்தா டேங்கிப் பக்கம். அந்தக் கண்ணாடி ஹோஸை சோதனை முடிஞ்சதும் கழற்றிருங்க, எஞ்சின் சூட்டில இளகிப்போகும்.

டேங்கி நிறைய இருக்கக்குள்ள கரைச்சல் இல்ல எண்டது தற்செயல் இல்லாமலும் இருக்கலாம். அந்தச் சோதனையை டேங்கி குறைஞ்ச நிலையிலயே செய்யுங்க.

அக்கரைப்பற்று பாஸ்:
மேல சொன்னது சரிதான், ஆனா கரண்டைப் பாக்காம விடக்கூடா. பம்பின் பின்தலையில ஒற்றை வயரோட நிக்கிறது ஸ்டொப் சொலினோயிட், டீசலைத் திறந்து மூடுற கரண்ட் வால்வு. 12 வோல்ட் போனாத்தான் அது திறந்திருக்கும், கரண்ட் நிண்டா ஸ்பிரிங் மூடிரும். சாவியை ஓனில வச்சு அந்த வயரைக் கழற்றித் தொட்டா "டிக்" எண்டு கேக்கணும். கேட்டாலும் போதாது, ஓட்டத்தில சூடேறி விடுறதும் உண்டு. சொலினோயிட் முனையில இருந்து ஒரு வயர் இழுத்து சின்ன 12 வோல்ட் பல்பை டேஷ்போட்டில தொங்கவிடுங்க. நிக்கிற நேரம் பல்ப் அணைஞ்சா சாவிச் சுவிச், பியூஸ், வயர் இதில ஒண்டு. கரண்ட் போனா வண்டி சட்டெண்டு சாவி திருப்பின மாதிரி நிக்கும். இருமி நிக்கிறது பெரும்பாலும் டீசல்தான். ஆனா பல்புக்கு என்ன செலவு, போட்டுப் பாருங்க.

இன்னொண்டு: பம்பை யாராவது முன்னம் கழற்றியிருந்தா பன்ஜோ போல்ட் (டீசல் பைப்பைப் பம்பில பூட்டுற துவாரம் உள்ள போல்ட்) ரெண்டையும் பாருங்க. ரிட்டேன் போல்டின், அதாவது மிச்ச டீசல் திரும்பிப் போற போல்டின் தலையில ஆங்கிலத்தில "அவுட்" எண்டு அடிச்சிருக்கும், அதில ஊசித் துவாரம். உள்ள போற போல்டில பெரிய துவாரம். இடம் மாத்திப் பூட்டினா டீசல் போதாது, பம்புக்குள்ள அழுத்தமும் நிக்காது. ரெண்டும் பாக்கிறதுக்கு ஒரே மாதிரி இருக்கிறதால அடிக்கடி நடக்கிற பிழை இது.

பம்ப் தேய்ஞ்சா வாற அடையாளம் வேற. ஓடக்குள்ள நிக்காது, சூடான எஞ்சினை ஓஃப் பண்ணினா திரும்பப் பத்தாது. ஈரத்துணியைப் பம்பில சுத்திக் கொஞ்ச நேரம் வச்சதும் பத்தினா உள்தலை தேய்மானம். பச்சைத் தண்ணியை நேர ஊத்திராதீங்க, உள்ளுக்க இறுகிப் பிடிக்கலாம். டீசலுக்கு மண்ணெண்ணெய் கலக்கிற பழக்கம் இருந்தா அதையும் நிப்பாட்டுங்க. இந்தப் பம்புக்கு டீசலே எண்ணெய், வேற லூப்ரிகேஷன் இல்ல.

செங்கலடிப் பஜிரோ:
நானா, பல்ப் கடைசி வரைக்கும் எரிஞ்சுது, வண்டி மட்டும் நிண்டுது. போல்ட் ரெண்டும் சரியான இடத்தில. கைப்பம்ப் பஞ்சு மாதிரித்தான் இருந்தது. கண்ணாடி ஹோஸ்: பம்புக்குக் கிட்டயும் முட்டை, பில்டருக்கு முன்னாலயும் முட்டை. மூடியைத் தளத்தி ஓடியும் மாற்றம் இல்ல. பிறகு கேனில இருந்து 10 லீற்றர் டேங்கியில ஊத்தினேன். ரெண்டு நிமிசத்தில முட்டை நிண்டுபோச்சு.

கல்லடி டீசல்:
இனி யோசிக்க ஒண்டும் இல்ல. டேங்கிக்குள்ள இறங்குற உறிஞ்சு பைப்பில நடுவில துருப்பிடிச்சு ஊசி ஓட்டை விழுந்திருக்கு. டீசல் மட்டம் ஓட்டைக்கு மேல இருக்கிற வரைக்கும் அதுவும் டீசலைத்தான் உறிஞ்சும். மட்டம் கீழ இறங்கினதும் காத்தை உறிஞ்சும். சல்லடை அடைபட்டிருந்தா 10 லீற்றரால இப்படிச் சட்டெண்டு மாறாது.

சில வண்டியில பின்தரைக் கார்ப்பெட்டுக்குக் கீழ, டேங்கியின் மேல் தட்டுக்குக் கை போட ஒரு தகட்டு மூடி இருக்கும். இல்லாட்டி டேங்கியை இறக்கணும். அடி நட்டால டீசலை வடிச்சிட்டு இறக்குங்க, 40 லீற்றரோட இறக்கினா 34 கிலோவுக்கு மேல கையில வரும். கழற்ற முதல் பைப் முனையைச் சுத்தி இருக்கிற மண்ணையும் துருவையும் பிரஷ் போட்டுத் துடைங்க, இல்லாட்டி அவ்வளவும் உள்ள விழும்.

கழற்றின பைப்பின் கீழ் வாயை விரலால அடைச்சு, தண்ணி வாளிக்குள்ள விட்டு மேல் வாயால ஊதுங்க. முட்டை வாற இடம்தான் ஓட்டை. வெளிய எடுத்த பைப்பை நல்லாக் கழுவிக் காயவச்சுப் பித்தளை ஒட்டு வைக்கலாம். டேங்கிக்குக் கிட்ட மட்டும் நெருப்பு வேணாம். துரு பரவியிருந்தா ஒட்டுறதில பிரயோசனம் இல்ல, அதே அளவு இரும்பு பைப் வளைச்சுப் போடுங்க. செம்பு பைப் லேசா வளையும் எண்டு சொல்லித் தருவாங்க, வாங்காதீங்க: செம்பு பட்டா டீசல் சீக்கிரம் பிசினாகும். நாகம் (சிங்க்) பூசின பைப்பும் டீசலுக்கு ஆகாது. நீளத்தைப் பழைய பைப்போட ஒப்பிட்டு வெட்டுங்க. டேங்கியின் அடித்தட்டில முட்டினா அங்க கிடக்கிற சேறு முழுக்க ஏறும். மேல் தட்டுக்குப் புது கேஸ்கட். சிலிக்கோன் பசை பூசினா அது டீசலில ஊறிப் பிரிஞ்சு சல்லடையில போய் ஒட்டும்.

சம்மாந்துறை வயல்:
டேங்கி இறங்கினதும் அடியில கறுத்த வழுவழுப்பு இருக்கா எண்டும் பாருங்க. டீசலுக்குக் கீழ தேங்கி நிக்கிற தண்ணியில வளர்ற கிருமிப் பாசி அது. நெல் வெட்டுக் காலத்துக்கு டிரம்மில வச்ச டீசல்ல மிச்சத்தை வாகனத்துக்கு ஊத்துறவங்களுக்கு இது லேசா வரும். டிரம்மை ஒரு நாள் அசையாம விட்டு, அடியில நாலு விரல் மட்டம் மிச்சம் வச்சுத்தான் எடுக்கணும். மாரி காலத்தில அரை டேங்கியோட நிறுத்தி வச்சா மூடிக்குள்ள வேர்த்தும் தண்ணி சேரும். பைப் துருப்பிடிச்சதும் அதாலதான் இருக்கும்.

செங்கலடிப் பஜிரோ:
பைப் கிடைச்சிட்டு. வளைவுக்குக் கிட்ட ரெண்டு ஓட்டை. பாசியும் இருந்தது, கழுவிட்டேன். பூட்டின பிறகு காத்து எடுக்கிற ஒழுங்கு என்ன?

கல்லடி டீசல்:
டேங்கியில குறைஞ்சது 15 லீற்றர் ஊத்துங்க. பில்டர் தலையில இருக்கிற காத்துத் திருகாணியை ஒண்டரைச் சுத்து தளத்தி, முட்டை இல்லாம டீசல் வரும்வரை கைப்பம்ப் அடிச்சு இறுக்குங்க. பிறகும் கைப்பம்ப் கல்லாகிற வரைக்கும் அடிங்க. அதோட பத்தும். பத்தாட்டி நொசில் பைப் நட் ரெண்டை 17 ஸ்பானரால அரைச் சுத்து தளத்தி, ஒரு தரத்துக்கு 10 செக்கனுக்கு மேல போகாம செல்ப் அடிங்க. டீசல் கசிஞ்சதும் இறுக்கிருங்க. அந்த நேரம் கையை நட்டுக்குக் கிட்டக் கொண்டு போக வேணாம், அழுத்தத்தில பாயுற டீசல் தோலைத் துளைக்கும். பாசி இருந்ததால இப்ப ஒரு பில்டர், 500 கிலோமீற்றரில இன்னொரு பில்டர். இடையில கிழமைக்கு ஒரு தரம் பில்டர் அடித் திருகாணியைத் திறந்து போத்தலில வடிச்சுப் பாருங்க.