ட்ராப்புக்குள்ள இருந்து "கீச்" சத்தம் - ஏற்காடு அனுபவம்

நாகலூர் பக்கம் எங்க வீட்டுக்குப் பின்னாடி 2 வருஷமா அந்துப்பூச்சிக்கு லைட் ட்ராப் வைக்கிறேன். பெருசா ஒண்ணுமில்லங்க, 20 லிட்டர் பெயின்ட் பக்கெட், மேல புனல், அதுக்கு மேல யூவி ட்யூப், உள்ள நாலஞ்சு முட்டை அட்டை. பூச்சி லைட்டுக்கு வந்து முட்டி புனல்ல சறுக்கி உள்ள விழுந்து அட்டைக் குழில ஒண்டிக்கும், காலைல எண்ணி எழுதிட்டு விட்டுருவேன், கொல்றதெல்லாம் கெடயாது.

போன தீபாவளி ராத்திரி மழை தூத்தி பட்டாசெல்லாம் நமுத்துப் போச்சு. அமாவாசை இருட்டு, மூடாப்பு, காத்தே இல்ல, பூச்சிக்கு இதவிட நல்ல ராத்திரி கெடைக்காது. காலைல 5.30க்கு நோட்டோட போயி மூணாவது அட்டைய தூக்குறேன், உள்ள இருந்து "கீச் கீச்"னு சத்தம். அம்மா அங்கருந்தே, "மூஞ்சூறு பூந்துருச்சு போலடா, கைய விடாத"ன்னு கத்துறாங்க. டார்ச் அடிச்சா கட்டைவிரல் தடிமன்ல ஒரு பூச்சி, முதுகுல அப்படியே மண்டையோடு! மண்டையோட்டு அந்துப்பூச்சி, அறிவியல் பேருல அக்கெரான்டியான்னு சொல்வாங்கல்ல, அதேதான். அதோட உறிஞ்சுகுழல் குட்டையா தடியா இருக்கும், அது வழியா காத்த தள்ளித்தான் கத்துது. தொட்டா பின்னிறக்கைய விரிச்சு மஞ்சளக் காட்டி இன்னும் ஜாஸ்தி கத்துது. இது புழு எள்ளு, கத்திரி எல்லாம் திங்கும்.

இத போட்டோ எடுக்குறேன்னு 20 நிமிஷம் போச்சு. திரும்பிப் பாத்தா லைட்டுக்கு வந்து வெளிய செவுத்துல உக்காந்திருந்த பூச்சியெல்லாம் கொண்டைக்குருவிங்களுக்கு டிபன் ஆயிருச்சு, கீழ வெறும் ரெக்கையா கெடக்கு. பொறுக்கி நோட்டுல செலோ டேப் போட்டு ஒட்டி வெச்சிருக்கேன், அதுல 3 தான் என்னன்னு தெரிஞ்சது. அதுல இருந்து மொதல்ல செவுரு, அப்பறம்தான் பக்கெட். பக்கெட்ல இருக்கறத வெயில்ல வைக்காதீங்க, விடும்போது புதருக்குள்ள விடுங்க, தெனமும் ஒரே எடத்துல விட்டா குருவி கத்துக்கும்.

ஜூலை கடைசில மாத் வீக்னு, அதாவது அந்துப்பூச்சி வாரம்னு 2012ல இருந்து நடத்துறாங்க, சரிதான், ஆனா நம்ம மலைல அப்ப ஆடிக்காத்து, பக்கெட்டே உருண்டு ஓடும். நம்ம பக்கம் நல்லா கெடைக்கறது ஐப்பசிதான்.

---

அண்ணா நான் சேலம் டவுன், அம்மாபேட்டை. ட்ராப்லாம் இல்ல, மொட்டமாடி கொடில அப்பாவோட வெள்ள வேட்டிய கட்டி பின்னாடி பல்பு, அவ்ளோதான். மொத நாள் மழ பேஞ்சு ஒரே ஈசல், எங்க பாட்டி சொளகு எடுத்துட்டு வந்துட்டாங்க வறுக்கலாம்னு 😂 ஆனா 11 மணிக்கு மேல பச்சையும் ரோஸும் கலந்து பட்டுப்பொடவ மாதிரி ஒண்ணு வந்து உக்காந்துச்சு பாருங்க, அரளிப் பருந்துப்பூச்சி. எங்க தெருல நந்தியாவட்டை, பைபாஸ் நடுவுல பூரா அரளி, புழுவுக்கு சாப்பாட்டுக்கா பஞ்சம். அப்பா வேட்டில இப்ப மஞ்ச கறை, அத கேக்காதீங்க.

---

மேல அந்த கீச் சத்தம் படிச்சதும்தான் எனக்கு புரியுது. எஸ்டேட்ல தேன்பெட்டி வெச்சிருக்கோம், போன வருஷம் தட்டு எடுக்கப் போனா அடிப்பலகைல இப்படி ஒரு மண்டையோட்டுக்காரன் செத்து உலந்து கெடந்தான். இந்தப் பூச்சி தேன் குடிக்க தேன்கூட்டுக்குள்ளயே பூந்துரும், அப்படித் திருட வந்தவன்னு அப்ப தெரியல, பல்லி வேலையா இருக்கும்னு தூக்கிப் போட்டுட்டேன்.