பாட்டு முந்தியதா, கடன் முந்தியதா? ஊருணிச் சுவர் பதிவுக்கு ஒரு மறுப்பு

பள்ளத்தூரான்:
சென்ற வாரம் ‘முகப்பு’ என்ற பெயரில் எழுதும் தம்பி, தம் ஊர் ஊருணியின் சுற்றுச்சுவரில் இளைஞர்கள் கூடி ஓவியம் தீட்டியதைப் பற்றி நீண்ட பதிவொன்றை இட்டிருந்தார். நாட்டு நடப்பைப் பார்த்து மனம் சோர்ந்தவர்களுக்குக் கலையும் அடித்தட்டு மக்கள் இயக்கமும்தான் நம்பிக்கை என்பது அதன் சாரம். எழுதிவிட்டுப் போகட்டும். ஆனால் அதற்குச் சான்றாக, ‘அறிவொளிக் காலத்தில் புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்களைச் சைக்கிளில் ஏற்றியது ஒரு பாட்டுதான்’ என்று ஒரு வரியைச் செருகியிருக்கிறார். அதைப் படித்ததிலிருந்து எனக்கு எரிச்சல் அடங்கவில்லை.

பெரியவர்களுக்கு எழுத்தறிவு புகட்டிய அறிவொளி இயக்கம் அங்கே 1991-இல் தொடங்கியபோது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடன் கிடைக்க வழி செய்தவர் அவர். அந்தக் கடன் விண்ணப்பங்களை நாள் முழுவதும் புரட்டிக் கையொப்பம் சரிபார்த்தவர்களில் அடியேனும் ஒருவன். எங்களைப் பற்றி யாரும் பாட்டுக் கட்டவில்லை, சுவரில் படமும் வரையவில்லை. பாடினால் இரண்டு சக்கரமும் ஒரு சங்கிலியும் வானத்திலிருந்து இறங்கி வந்துவிடுமா? தம்பியிடம் ஒரே கேள்விதான் கேட்கிறேன். பாட்டு முந்தியதா, கடன் முந்தியதா?

முகப்பு:
ஐயா, என் பதிவில் பத்துப் பத்திகள் இருந்தன. அவற்றில் ஒரு வரியை மட்டும் பிடுங்கி எடுத்து வழக்காடுகிறீர்கள். பரவாயில்லை, அந்த வரியையே பேசுவோம். சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்ளும்படி தங்கையை அழைக்கும் அந்தப் பாட்டை எழுதியவர் மேடைக் கவிஞர் அல்லர். அறிவொளி இயக்கத்திலேயே உழைத்த ஒரு தொண்டர். வீதி நாடகக் குழுக்கள் தப்பு அடித்துக்கொண்டு ஊர் ஊராகப் போனதால்தான் ‘பொம்பளைப் பிள்ளை சைக்கிள் ஓட்டுவதாவது’ என்ற கேலி வாயடைத்துப் போனது. கடன் படிவம் வங்கியில் எத்தனை வருடம் கிடந்தாலும், வெட்கம் விலகாமல் எந்தப் பெண் வந்து அதை நிரப்புவாள்?

எங்கள் ஊருணிக் கதையும் அதுதான். மதுப் புட்டிகளும் பழைய துணியுமாகக் கிடந்த படித்துறை அது. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, கோலமும் புரவியும் வரைந்த பிறகு அங்கே குப்பை கொட்ட யாருக்கும் கை வரவில்லை.

பள்ளத்தூரான்:
குப்பை நின்றது, மகிழ்ச்சி. தண்ணீர் வந்ததா? ஊருணிக்குத் தண்ணீர் வருவது வரத்துக்கால் வழியாகவே தவிர, வண்ணப் புரவியின் வாய் வழியாக அன்று. கண்மாய் நிரம்பிய மிச்சம் ஊருணிக்கும், ஊருணியில் நின்ற நீர் ஊரின் கிணறுகளுக்கும் போகும்படி நம் முன்னோர் மட்டம் பார்த்து அமைத்தார்கள். அவர்களில் ஒருவராவது சுவரில் படம் வரைந்தால் மழை பெய்யும் என்று நம்பியதாகத் தெரியவில்லை. உங்கள் ஊரில் வரத்துக்காலை யார் வெட்டினார்கள், எந்த மாதம் வெட்டினார்கள் என்பதைப் பதிவில் மறைத்துவிட்டீர்கள். அதையும் மன்னித்துவிடுகிறேன். நான் கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. பாட்டு முந்தியதா, கடன் முந்தியதா?

பழைய தொண்டர்:
இந்த இழையைப் படித்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. நான் அரிமளம் பக்கத்துக்காரி. அறிவொளியில் இரவு வகுப்பு நடத்தியவள். வயல் வேலை முடிந்து, அடுப்பு வேலையும் முடித்துவிட்டுப் பெண்கள் வருவதற்கு மணி ஒன்பதாகிவிடும். அரிக்கேன் விளக்கின் கண்ணாடியைத் துடைத்து வைத்துவிட்டுக் காத்திருப்பேன். வந்தவுடன் பலகையைக் கையில் எடுத்தால் பாதிப் பேர் கொட்டாவி விடுவார்கள். பாட்டை எடுத்தால் நிமிர்ந்து உட்காருவார்கள். அந்தப் பாட்டைக் கேட்டபின் என் வகுப்பில் இருந்த ஒருத்தி தன் தம்பியிடம் கெஞ்சி, வாடகை சைக்கிள் எடுத்துவரச் சொல்லி, ஊருக்கு வெளியே களத்துமேட்டில் ஓட்டிப் பழகினாள். சேலையை வரிந்து கட்டிக்கொண்டு, பின்னால் இருவர் இருக்கையைப் பிடித்துக்கொண்டு ஓட, முழங்கை தேய்ந்து இரத்தம் வந்தும் அவள் இறங்க மறுத்தாள். அப்போது எங்கள் ஊரில் ஒருவருக்கும் கடன் வந்திருக்கவில்லை.

ஐயா வங்கியில் பார்த்தது, ஓட்டப் பழகிய பிறகு வந்தவர்களை. நான் பார்த்தது, ஏறும் முன் கால் நடுங்கி நின்றவர்களை.

பள்ளத்தூரான்:
சகோதரியின் சேவையை மதிக்கிறேன். ஆயினும் ஓர் ஊரின் களத்துமேட்டில் நடந்ததை வைத்து மாவட்டத்தின் வரலாற்றை எழுத முடியாது. அந்தப் பெண் வாடகை சைக்கிள் எடுத்தாள் என்கிறீர்கள். வாடகைக் காசு எங்கிருந்து வந்தது? பாட்டிலிருந்தா? ஆக, முதலில் காசு, பிறகுதான் சைக்கிள் என்பதை நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். பெண்களுக்கான சைக்கிள் தட்டுப்பாடாக இருந்த அந்த நாட்களில் பலர் ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். முன்னால் இருக்கும் கம்பியில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்பதால் அதையே விரும்பி வாங்கியவர்களும் உண்டு. தண்ணீர்க் குடத்தையும் காய்கறிக் கூடையையும் பின்னால் கட்டிக்கொண்டு போனார்கள். தண்ணீர், பிள்ளை, பிழைப்பு ஆகியவைதான் அவர்களை ஏற்றின. பாட்டு பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

பழைய தொண்டர்:
நான் ஒப்புக்கொண்டதாக நீங்களே தீர்ப்பு எழுதிக்கொள்வது அழகாக இருக்கிறது. வாடகைக் காசு அவள் சிறுவாட்டுப் பணம். அது பாட்டைக் கேட்பதற்கு முன்பும் அவள் முந்தானையில்தான் முடிந்து கிடந்தது. பிள்ளையும் தண்ணீர்க் குடமும் அதற்கு முன்பே இருந்தவைதானே? தலைமுறை தலைமுறையாக அவை இருந்தும் ஒருத்தியும் சைக்கிளில் ஏறவில்லையே, அது ஏன் என்று சொல்லுங்கள்.

அரைக்காசு:
லட்சத்துக்கு மேற்பட்ட பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டது எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில். அதைப் பற்றி இரண்டு சிவகங்கை மாவட்டத்துக்காரர்கள் எங்களைக் கேட்காமலேயே அடித்துக்கொள்வது வேடிக்கையாக இருக்கிறது. நல்லது நடந்தால் ‘நம் செட்டிநாடு’ என்பீர்கள். பேருந்து வசதி கேட்டுப் போராடினால் ‘அது உங்கள் மாவட்டப் பிரச்சினை’ என்று ஒதுங்கிவிடுவீர்கள். சென்ற ஆண்டு இதே குழுமத்தில் அப்படி ஒதுங்கியவர் யார் என்பது எனக்கு நினைவிருக்கிறது.

பள்ளத்தூரான்:
ராயவரம், கடியாபட்டி, நச்சாந்துபட்டி, ராங்கியம் எல்லாம் எந்த மாவட்டத்தில் இருக்கின்றன என்பதை அரைக்காசு அவர்கள் வரைபடத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும். செட்டிநாடு இரண்டு மாவட்டங்களிலும் பரவியிருக்கிறது. பேருந்து விவகாரத்தில் நான் சொன்னது வேறு. அதை இங்கே இழுத்தால் பழைய பதிவுகளை நானும் எடுத்துப் போட வேண்டியிருக்கும். கேள்வியைத் திசை திருப்ப வேண்டாம்.

பூக்கல் மேஸ்திரி:
ஆத்தங்குடியில் தரைக்கல் ஊற்றுகிற பட்டறைக்காரன் நான். கலை, நம்பிக்கை என்று படித்தவர்கள் பேசும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். கண்ணாடித் தகட்டைத் துடைத்து, அதன்மேல் இரும்பு அச்சை வைத்து, அறை அறையாக வண்ணச் சிமெண்டை ஊற்றிவிட்டு அச்சைத் தூக்குவோம். அந்த நொடியில் மூச்சு விட்டாலும் பூ கலைந்துவிடும். பிறகு உலர்ந்த மணல் சிமெண்டைத் தூவி, அதற்கு மேல் ஈரக் கலவையைப் போட்டு அமுக்கி, நாள் கணக்காகத் தண்ணீர்த் தொட்டியில் ஊறப் போடுவோம். சூளை இல்லை, மெருகேற்றும் இயந்திரம் இல்லை. கண்ணாடியின் பளபளப்பே கல்லில் இறங்கிவிடும். வெளியூர்க்காரர்கள் வந்து படம் பிடித்து, ‘அற்புதமான கலை’ என்று எழுதுகிறார்கள். ஊற்றுகிறவனின் கூலி என்ன, சிமெண்டுத் தண்ணீரில் அரித்துப்போன அவன் கைக்கு மருந்து என்ன என்று எத்தனை பேர் எழுதினார்கள்? என் மகன் இந்த வேலைக்கு வரமாட்டேன் என்கிறான். அவனுக்கு நம்பிக்கை கொடுக்க எந்தச் சுவரில் என்ன வரைவீர்கள் என்று முகப்பு அவர்கள் சொல்லட்டும்.

பள்ளத்தூரான்:
மேஸ்திரி சொன்னதை எல்லோரும் இரண்டு முறை படியுங்கள். நான் சொல்வதும் இதைத்தான்.

பூக்கல் மேஸ்திரி:
நீங்கள் சொல்வது இதை அன்று. பட்டறைக்குக் கடன் கேட்டுப் போனபோது ‘கைத்தொழிலுக்கு என்ன ஈடு காட்டுவாய்’ என்று என்னைத் திருப்பி அனுப்பியதும் ஒரு வங்கிதான். என்னை உங்கள் கட்சியில் சேர்க்க வேண்டாம்.

கண்டனூர் ஆச்சி:
பனையோலைக் கொட்டான் முடைவதை இந்தப் பக்கத்தில் ஏறக்குறைய மறந்தே போயிருந்தார்கள். கல்யாணச் சீர் வரிசையிலேயே பிளாஸ்டிக் கூடை வந்துவிட்ட காலம் அது. எம்.ஆர்எம்.ஆர்எம். பண்பாட்டு அறக்கட்டளை முயன்று கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துச் சந்தையும் பிடித்துத் தந்ததால் அந்தக் கைவேலை பிழைத்தது. பின்னர் புவிசார் குறியீடும் கிடைத்தது. காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கு 2019-இல் அந்தக் குறியீடு வந்தது. என்னிடம் கொட்டான் முடையக் கற்றுக்கொண்ட பெண்கள் முதலில் வந்தது காசுக்காகத்தான், ஒளிக்க ஒன்றுமில்லை. ஆனால் ஓலையைக் கிழித்துச் சாயம் காய்ச்சிக் கட்டம் விழ முடைந்து முடித்தவுடன், அதைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்களே, அதற்கு எந்த வங்கி கடன் கொடுத்தது? பள்ளத்தூரான் தம்பி, நீங்கள் கணக்குப் பார்த்தே பழகிவிட்டீர்கள்.

பள்ளத்தூரான்:
ஆச்சியின் வயதுக்கு மரியாதை கொடுத்துக் கேட்கிறேன். அறக்கட்டளை சந்தை பிடித்துக் கொடுக்காமல் இருந்திருந்தால், வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்த அந்தக் கொட்டான் எத்தனை நாள் அடுத்த கொட்டானைப் பெற்றிருக்கும்? குன்றக்குடியையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள மடத்தின் தலைவராக இருந்த அடிகளார் பட்டிமன்றத்தைத் தமிழ்நாடெங்கும் கொண்டுபோனவர்; அந்தக் கலையில் அவருக்கு நிகர் அவரே. ஆனால் ஊரை உயர்த்த வேண்டும் என்று நினைத்தபோது கிராமத் திட்டம் தீட்டி, காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகத்தின் துணையோடு சிறுதொழில்களைக் கொண்டுவந்தார். பட்டிமன்றம் நடத்தித் தீர்ப்புச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகவில்லை.

புதுக்கோட்டையிலும் அதே காலத்தில் கல் குவாரிக் குத்தகையைப் பெண்கள் குழுக்களுக்குக் கொடுத்தார்கள். குத்தகைதாரரிடம் கூலிக்குக் கல் உடைத்தவர்கள் தாங்களே குவாரியை நடத்தினார்கள். அதற்கு எந்தப் பாட்டு காரணம்? அரசாணையும் குத்தகைப் பத்திரமும் காரணம். சைக்கிளுக்கும் அதே கதைதான். கடன் முந்தியது என்று ஒரு வரி எழுதிவிட்டால் நான் இந்த இழையை விட்டு விலகிக்கொள்கிறேன்.

பழைய தொண்டர்:
குவாரிப் பெண்கள் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தாமே படித்ததும், லாரி லோடுக் கணக்கைத் தாமே எழுதியதும் இரவு வகுப்பில் கற்ற எழுத்தால்தான். அந்த வகுப்புக்கு அவர்களைக் கூட்டி வந்தது வீதி நாடகம். நீங்கள் எதை இழுத்தாலும் அதன் மறுமுனை எங்கள் கையில்தான் இருக்கிறது.

முகப்பு:
குன்றக்குடியைப் பற்றியும் ஒன்று கேட்கிறேன். அடிகளாரின் பேச்சைக் கேட்டு அவர்மேல் நம்பிக்கை வைக்காமலேயே அந்த ஊர் திட்டத்துக்கு இணங்கியிருக்குமா? ஐயாவின் உதாரணங்கள் ஒவ்வொன்றும் எனக்கே சாட்சி சொல்கின்றன.

அரைக்காசு:
இரு தரப்பும் மறந்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் அய்யனாருக்குப் புரவி எடுப்பதென்றால், முதலில் மண் குதிரை செய்யும் வேளாரிடம் பிடிமண் கொடுக்க வேண்டும். அந்த நாளில்தான் சிதறிக் கிடக்கும் ஊர் ஒன்றாகக் கூடும். தலைக்கட்டு வரி எவ்வளவு, யார் வெளியூரில் இருக்கிறார்கள், யாருக்கு யாரோடு பேச்சில்லை என்பதெல்லாம் அங்கேதான் பேசித் தீரும். கூடிய ஊரே கண்மாய் மடையைப் பற்றியும், வரத்துக்கால் ஆக்கிரமிப்பைப் பற்றியும் பேசும். மண் குதிரையைச் செய்வது கலையா, ஊர்க்கூட்டமா, வரி வசூலா என்று எங்கள் ஊரில் யாரும் பிரித்துப் பார்த்ததில்லை. இப்படிப் பிரித்துப் பார்த்துச் சண்டை போடுவது காரைக்குடிப் பக்கத்து நாகரிகம் போலும்.

பள்ளத்தூரான்:
வேளாருக்குப் பிடிமண்ணோடு சேர்த்து என்ன கொடுப்பார்கள் என்பதை அரைக்காசு அவர்கள் வசதியாக விட்டுவிட்டார். முன்பணம் கொடுப்பார்கள். முன்பணம்! அங்கேயும் பணமே முந்துகிறது. அய்யனாரே என் பக்கம்தான்.

முகப்பு:
அய்யனாரையும் விண்ணப்பப் படிவத்தில் கையொப்பமிட வைத்துவிட்டீர்கள். ஐயா, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போய்ப் பாருங்கள். பர்மாத் தேக்குத் தூணும் செதுக்கிய நிலைக்கதவும் பீங்கான் பாத்திரமுமாக நம் வளவு வீடுகள் துண்டு துண்டாக விலைக்கு நிற்கின்றன. பணம் இல்லாததால் மட்டுமா அவை தெருவுக்கு வந்தன? பணம் உள்ள வீடுகளும் இடிபட்டன. இவற்றைக் காக்க வேண்டும் என்ற எண்ணம் மனத்தில் இல்லாவிட்டால் எந்தக் கடனும் தூணைத் தாங்காது. அந்த எண்ணத்தை உண்டாக்குவதற்காகத்தான் சுவரில் வரைந்தோம்.

பள்ளத்தூரான்:
ஒரு வளவில் நாற்பது பங்காளிகள் கையொப்பமிட்டால்தான் கூரை ஓடு ஒன்றை மாற்ற முடியும் என்ற நிலையை ஓவியம் வரைந்து சரிசெய்யப் போகிறீர்களா? அது சொத்துச் சட்டம், தம்பி. உங்களுக்கு வயது போதாது.

மட்டுறுத்துநர்:
வயது, மாவட்டம் ஆகியவற்றைக் குறித்த கேலிகளைத் தவிர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இழையின் பொருள் கலையும் மக்கள் இயக்கமும் தரும் நம்பிக்கை.

பள்ளத்தூரான்:
மட்டுறுத்துநர் மன்னிக்க வேண்டும். இழையைத் தொடங்கியவன் நான். இதன் பொருள் அந்தப் பாட்டு முந்தியதா, கடன் முந்தியதா என்பது. தலைப்பைப் பார்க்கவும்.

கண்டனூர் ஆச்சி:
தலைப்பு நன்றாகத்தான் தெரிகிறது, தம்பி. பள்ளத்தூரில் உங்கள் வீட்டுப் பெண்கள் எந்தக் கடனில் சைக்கிள் ஓட்டினார்கள் என்றும் எழுதினால் நாங்கள் தெரிந்துகொள்வோம்.

பள்ளத்தூரான்:
குடும்பத்தை இழுப்பது ஆச்சிக்கு அழகன்று. எங்கள் வீட்டில் அப்போது கார் இருந்தது.

அரைக்காசு:
இப்போது எல்லாம் விளங்குகிறது. காரில் போனவர் சைக்கிளுக்கு வரலாறு எழுதுகிறார். முகப்பு ஊரின் ஊருணி வேலைக்கு வெளியூர்ப் புள்ளிகளிடம் வசூல் வந்தபோது இவர் எவ்வளவு கொடுத்தார் என்றும் சொல்லட்டுமே.

முகப்பு:
அது வேண்டாம், அண்ணே. ஐயா ஒரு தொகை எழுதினார், இன்னும் வரவில்லை. அவ்வளவுதான்.

பள்ளத்தூரான்:
வரத்துக்காலை வெட்டிய கணக்கை முதலில் காட்டுங்கள், தொகை தானாக வரும். வண்ண டப்பாவுக்குக் கொடுக்க நான் எழுதித் தரவில்லை. பாட்டு முந்தியது என்பதற்கு ஆண்டு, மாதத்தோடு எழுத்துச் சான்று ஏதும் இதுவரை எவரும் தரவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். கடன் விதிமுறைகளை விளக்கும் என் அடுத்த பதிவு நான்கு பகுதிகளாக நாளை முதல் வரும். அது முடியும் வரை யாரும் குறுக்கே எழுத வேண்டாம்.

பழைய தொண்டர்:
கடன் வந்த மாதத்துக்கு உங்களிடம் எழுத்துச் சான்று இருந்தால் முதல் பகுதியிலேயே போட்டுவிடுங்கள், ஐயா. நான்காம் பகுதி வரை இழுக்க வேண்டாம்.