புதுப்பிப்பு: பென் டிரைவில் போர்ட்டபிள் மென்பொருள், மூன்று மாதம் கழித்து

பழைய 16 ஜிபி பென் டிரைவ் சும்மா கிடக்கிறது, நிறுவாமலே ஓடும் மென்பொருள்களைப் போட்டு வைத்தால் பயன்படுமா என்று கேட்டிருந்தேன். பயன்படுகிறது, ஆனால் நான் நினைத்த விதத்தில் இல்லை.

ஃபயர்பாக்ஸ் போர்ட்டபிளை முதல் வாரமே தூக்கிவிட்டேன். உலாவி ஓயாமல் சின்னச் சின்னக் கோப்புகளை எழுதிக்கொண்டே இருக்கும். என் யூஎஸ்பி 2.0 டிரைவ் மூச்சு வாங்கியது. பிடிஎஃப் படிக்க சுமத்ரா பிடிஎஃப், கோப்புகளைச் சுருக்கி விரிக்க 7-ஜிப், வீடியோ பார்க்க விஎல்சி, இந்த மூன்றும் ஜோராக ஓடுகின்றன.

கடவுச்சொற்களை ஒரே கோப்பில் பூட்டி வைக்கும் கீபாஸ் மென்பொருளை வைக்கச் சொன்னவர்களுக்கு: வைத்தேன், வீட்டுக் கணினியில் மட்டும் திறக்கிறேன். கோப்பு என்னதான் பூட்டியிருந்தாலும், தட்டச்சைத் திருடும் நிரல் கடைக் கணினியில் இருந்தால் முதன்மைக் கடவுச்சொல்லே போய்விடுமே.

அப்புறம் அந்தக் கூத்து. பிரவுசிங் சென்டரில் ஒரே ஒரு பக்கம் பிரிண்ட் எடுத்துவிட்டு வந்து பார்த்தால், ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருந்தன. வயிற்றைக் கலக்கியது. நல்லவேளை, எதுவும் அழியவில்லை. வைரஸ் அசல் ஃபோல்டர்களை மறைத்து வைத்திருந்தது, அவ்வளவுதான். ஷார்ட்கட் எதையும் கிளிக் செய்யாமல், கமாண்ட் பிராம்ப்டில் அட்ரிப் கட்டளையால் மறைப்பை நீக்கினேன். வேண்டியதை நகலெடுத்துக்கொண்டு, டிரைவை ஃபார்மட் செய்தேன். எஃப்ஏடி32 என்ற ஃபார்மட் வகையில் 4 ஜிபிக்குக் குறைவான கோப்புதான் ஏறும் என்பதால், இந்த முறை எக்ஸ்ஃபேட் வகை. மென்பொருள்களைப் புதிதாக இறக்கிப் போட்டேன்.

இப்போது பிரிண்ட் எடுக்க மட்டும் தனியாக ஒரு 4 ஜிபி டிரைவ். அதில் பிடிஎஃப் தவிர வேறெதுவும் கிடையாது.